கொத்தாத அம்மி

சீலநாயக்கன்பட்டி பைபாஸ் ஓரம் மண்டபம்.
ஸ்டோர் ரூம் சாவி என் இடுப்பில்.
பதிவேட்டில், எனக்கு முன்னிருந்தவரின் சாய்ந்த கையெழுத்து:
அம்மி ஒன்று. குழவி இல்லை.

குழவி எதற்கு?
மஞ்சளோ மல்லியோ அரைக்க வந்த கல்லில்லை அது.
பதினாறு வருடம் பாதம் மட்டுமே பார்த்தது.
மருதாணி காயாத பாதம், பித்தவெடிப்புப் பாதம்,
ஒருமுறை, கால் தூக்க முடியாதவளுக்காக
மாப்பிள்ளையே குனிந்து
கல்லைத் தூக்கிப் பாதத்தில் ஒற்றினான்.
மற்றபடி எல்லாம் ஒன்றுபோல.
மிதி, மெட்டி, போட்டோ, அடுத்தது.

கோகிலவாணி கல்யாணத்தன்று
விடியற்காலை மூன்றரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் நாலு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.
ஏற்காட்டிலிருந்து
இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தியெடுத்து
வேனில் வந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டார்
வெறும் வயிற்றோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.
"இவங்களுக்காச்சும் காரச் சட்னி வேணும்க்கா,
நாக்குச் செத்துக் கிடக்கறாங்க"
என்றார் மாஸ்டர் சென்றாயன்.
என்னைக் கேட்கவில்லை, சாவியைக் கேட்டார்.

மணவறையிலிருந்து அம்மி சமையல்கட்டுக்கு இறங்கியது.
குழவிக்குப் பந்தல்காரரின் இரும்புக் குழாய்.
செல்போன் வெளிச்சத்தில்
வரமிளகாய், பூண்டு, கல் உப்பு.
"கொத்தே இல்லையே இதுல,
கன்னம் மாதிரி வழவழன்னு இருக்கு"
என்று திட்டிக்கொண்டே அரைத்தார்.
முதன்முறையாக அந்தக் கல்லில்
அம்மி வாசம் அடித்தது.

ஐந்தே முக்காலுக்குக் கழுவினேன்.
மூன்று தண்ணீர் விட்டேன்.
பொட்டு வைத்தேன்.
விதைகள் எங்கே ஒளிந்தன என்று
கல்லுக்குத்தான் தெரியும்.

புது மெட்டி அவள் விரலை உரசித்
தோல் வழன்றிருக்கிறது.
அந்த விரலைப் பிடித்துத் தூக்கி
வைத்தான் கல்லின் மேல்.

கத்தவில்லை அவள்.
உதட்டை மடித்துக்கொண்டாள்.
கண்ணிலிருந்து கொட்டியது.
"பொறந்த வீட்ட நெனச்சிக்கிட்டா பாரு"
என்று முன்வரிசை மூக்கைச் சிந்தியது.
ஆத்தூர் சேகோ பேக்டரி முதலாளி,
மகள் படிக்கப் போனபோதுகூட அழாதவர்,
துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார்.

ஐயர் கூரையைக் காட்டினார்.
"அருந்ததி தெரியறதா?"
கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது.
ஓர் ஓரத்து ட்யூப் லைட்
எரியலாமா வேண்டாமா என்று துடித்துக்கொண்டிருந்தது.
"தெரியுது" என்றாள்.
இத்தனை வருடத்தில்
அந்தக் கேள்விக்கு உண்மை சொன்னவள்
அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

மூன்று வருடம் கழித்து
அவள் தங்கைக்கு அதே மண்டபம்.
சாமான் லிஸ்டில், வெற்றிலைக்கும் விரலி மஞ்சளுக்கும் நடுவில்:
வரமிளகாய் இரண்டு, விதையோடு. அம்மிக்கு.

"இது எதுக்குங்க?"

பெரியத்தை என்னைப் பார்த்த பார்வையில்
பட்டு சரசரத்தது.
"எங்க குடும்ப வழக்கம்.
மிளகா தடவின அம்மியிலதான் எங்க பொண்ணுங்க கால் வைக்கும்.
கண்ணேறு கழியும்.
அந்தக் காலத்திலிருந்தே."

எந்தக் காலம் என்று நான் கேட்கவில்லை.
எனக்கு அந்தக் காலத்தின் தேதி தெரியும்,
மணி தெரியும்,
கரண்ட் எத்தனை நிமிடம் இல்லை என்பதும் தெரியும்.
மிளகாயைக் கிள்ளும்போது
விதைகளை என் முந்தானையில் தட்டிக்கொண்டேன்,
அவ்வளவுதான் என்னால் ஆனது.

தங்கை மிதித்தாள். எரியவில்லை.
அழ வேண்டுமே என்று
கொஞ்சம் அழுதாள்.

பந்திக்குப் போகும் கூட்டத்தில்
இடுப்பில் குழந்தையோடு கோகிலவாணி
ஸ்டோர் வாசலில் நின்றாள்.
மூலையில் சாய்த்திருந்த கல்லைப் பார்த்தாள்.
வலது கால் விரல்களை
செருப்புக்குள் ஒருமுறை மடக்கி நீட்டினாள்.

"அன்னிக்கு எனக்குச் சட்னி வைக்கவே இல்லீங்க,
நல்லா இருந்துச்சா?"

"மாப்பிள்ளை வீட்டில
ரெண்டாம் தரம் கேட்டாங்க" என்றேன்.