மூன்று மணிக் கள்ளி

மில்பா ஆல்தாவில் சந்தை கூடும் முன்பே
எர்மெலிண்டாவின் கத்தி விழித்துவிடும்.
நெற்றியில் விளக்கு, கையில் தோலுறை.
எரிமலைச் சரிவெங்கும் சப்பாத்திக்கள்ளி
இன்னும் வாயை மூடவில்லை.

ஆமாம், வாய்.
ஊசிமுனைகூட நுழையாத ஆயிரமாயிரம் வாய்.
வெயில் ஏறினால் இறுகிக்கொள்ளும்,
சொட்டு ஈரம் வெளியே போகாது.
இருட்டியபின் திறந்து
குளிர்ந்த காற்றை இழுத்து இழுத்துப்
புளிப்பாக்கி உள்ளே அடுக்கும்,
விடிவதற்குள்.

இதெல்லாம் ரூபென் சொன்னது.
கல்லூரியிலிருந்து வந்தவன். ஒரு மடலில்
கிடுக்கிபோல் ஏதோ கருவியை மாட்டிவிட்டு
இரண்டு நாள் வரப்பிலேயே கிடந்தான்.
விடியலில் மயிரளவு தடித்ததாம்,
மாலையில் மயிரளவு இளைத்ததாம்.
"ஒரு மயிருக்கா இரண்டு நாள்?" என்றாள்.
அவன் சிரிக்கவில்லை.
எழுதிக்கொண்டான்.

அவளுக்குக் கருவி நாக்கு.
நாலு மணிக்கு அறுத்ததைக் கடித்தால் பல் கூசும்.
பத்து மணிக்குப் பாதி.
பிற்பகல் மூன்றுக்கு வெறும் பச்சைத் தண்ணீர்,
கொஞ்சம் கொழகொழப்பு.

புதன்கிழமை தகராறு.
வயிற்றுப்புண்காரர் அன்செல்மோ
வாங்கியதையெல்லாம் பலகைமேல் கொட்டினார்:
"போன வாரம் சாதுவாய் இருந்தது.
இந்த வாரம் ராத்திரி முழுக்க எரிந்தேன்.
யார் தோட்டத்துச் சரக்கு இது?"

"அதே தோட்டம். அதே செடி.
போன வாரத்தது என் நாத்தனார் மதியத்தில் அறுத்தது.
இது நான்,
இருட்டில்."

அவர் நம்பவில்லை.
சுற்றி நின்றவர்கள் மடலை மோந்து பார்த்தார்கள்.
காசைத் திருப்பிக் கொடுத்தாள்,
ஒரு வார்த்தை பேசாமல்.

அன்றைக்கே மூன்று மணிக்குச் சரிவேறினாள்.
காலடியில் கருங்கல் கொதித்தது.
கள்ளிகள் மூச்சு விடவில்லை.
வாயைக் கட்டிக்கொண்டு
ராத்திரி சேர்த்ததை உள்ளுக்குள்ளேயே
செலவழித்துக்கொண்டிருந்தன,
மாதக் கடைசிக் குடும்பம்போல.

ஆறு மடல் அறுத்தாள். முள் சீவினாள்.
பழுப்புத் தாளில் சுற்றி
அன்செல்மோ வீட்டுக் கதவில் தொங்கவிட்டாள்.
தாள்மேல் விலை எழுதவில்லை,
மணி எழுதினாள்.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
வரிசைகளுக்கு நடுவே, கூடையை இறக்கி வைத்து,
பகலெல்லாம் அடக்கியிருந்த வசவை,
அன்செல்மோவின் குடலில் தொடங்கி
அவர் பாட்டனின் கழுதைவரைக்கும்
ஒன்றுவிடாமல்
உரக்கச் சொல்லத் தொடங்கினாள்.

சுற்றிலும் அத்தனை வாயும்
அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது.