ஒரு கட்டம் காலி

இடமிருந்து வலமாகப் பாடியதை
வலமிருந்து இடமாக அடிக்கிறாள் தாம்சின்,
லண்டனில், மீன் நாற்றம் வரும் ஒரு சந்தில்.
வெள்ளீயத் தகடு. சுரத்துக்கு ஒரு தட்டு.
பிழைத்தால் தகட்டைத் திருப்பி
முதுகில் நாலு போடு,
வயிறு சமமாகிவிடும்.

ஓபரா முடிந்த மறுவாரமே
ஹார்ப்சிகார்டுக்குத் தோதாக அச்சேற வேண்டும்.
எதிர்க்கடைக்காரன் தூங்குவதில்லை.

"இதென்ன, ஒரு கட்டம் சும்மா கிடக்கிறது?
மூச்சு வாங்கியது பாடகி.
பெட்டிக்கு எதற்கு மூச்சு?
எடுத்துவிடு, இந்தப் பக்கத்திலேயே அடங்கும்"
என்கிறார் முதலாளி க்ரிம்ஸ்டன்.

மேல்மாடி மலிவு பெஞ்சில்
ஒரே ஓர் இரவு நெருக்கியடித்து உட்கார்ந்தவள் அவள்.
மெட்டு மறந்துபோயிற்று.
அந்தக் கட்டத்தில் மட்டும்
யாருடைய பொய்முடியிலோ
மெழுகு சொட்டியது கேட்டது.

சரி என்று தலையாட்டி,
அவர் படியிறங்கியதும்
ஓய்வுக் குறியின் உளியை எடுத்து
கொஞ்சம் அழுத்தியே அடித்தாள்.

மார்ச் மாதம், பிரிஸ்டல்.
சர்க்கரை வியாபாரியின் மகள்
அவ்விடம் வந்ததும் இரு கையையும் தூக்குகிறாள்.
கணப்பருகே கிடந்த நாய்
முடிந்தது என்று எழுந்து
உடம்பை உதறுகிறது.

முடியவில்லை.