நீல விரல்

பத்து நிமிடம் ஓடும்.
பிறகு இழுத்து இழுத்து மூச்சுவிட்டு
வாளியைப் பாதி தூக்கியபடியே நின்றுவிடும்.
கால்மணி நேரம் சும்மா விட்டால்
ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்பும்,
பத்து நிமிடத்துக்கு.

ஜெலுத்தோங் கரையில்
இடித்த வீடுகளின் செங்கலும் டைலும் வந்து குவிகிற யார்டு.
மூன்றாவது முறையாக என் வேனை நிறுத்துகிறேன்.
முதல் முறை ஃபில்டர். நூற்று இருபது வெள்ளி.
இரண்டாம் முறை தண்ணீர் பிரிக்கும் கிண்ணம்,
கையால் அமுக்கும் ரப்பர் குமிழ். இருநூற்று எண்பது.
ஆ செங் காசைக் கொடுத்தான்,
கொடுத்ததை சொஃபிகுலின் சம்பளத்தில் பிடித்தான்.
டீசலை இவன் விற்கிறான்,
குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான் என்றான்.
கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை.
அதை நான் சொல்லியிருக்கலாம்.
பில் எழுதிக்கொண்டிருந்தேன்.
சொஃபிகுலுக்குத் தெரிந்த மலாயில்
இல்லை என்பதற்கு ஒரே ஒரு சொல்தான்.
அதை அவன் முதல் நாளே செலவழித்துவிட்டான்.

இன்று எதையும் மாற்றுவதில்லை,
பார்ப்பது மட்டும்தான் என்று வந்தேன்.
டேங்க் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டினேன்.
நின்றது. அப்படியென்றால் மூடியின் துளையில் குற்றமில்லை.
பம்புக்கு முன்னால் கண்ணாடிபோலத் தெரிகிற குழாயை மாட்டினேன்.
ஒரு காற்றுக் குமிழிகூட ஓடவில்லை.
மறுபடி நின்ற கணத்தில்
ரப்பர் குமிழைத் தொட்டுப் பார்த்தேன்.
சப்பிக் கிடந்தது,
உறிஞ்சித் தீர்ந்த தே ஓ பொட்டலம் மாதிரி.

பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?
ஸ்ட்ராவில் எலுமிச்சை விதை அடைத்தால்
கன்னம் ஒட்டிப்போகும் வரை இழுப்போம்,
விட்டால் விதை தானாக விலகி மிதக்கும்.
டேங்குக்குள் ஏதோ ஒன்று
இழுக்கும்போது வந்து ஒட்டுகிறது,
நின்றதும் கையை எடுத்துவிடுகிறது.

குழாயில் வாய் வைத்து ஊதினேன்.
கொளக் கொளக்.
நாக்கெல்லாம் டீசல்.
வெயிலில் பாலத்தின் மேல் பஸ்கள்
சத்தமில்லாமல் பிறை பக்கம் போய்க்கொண்டிருந்தன.

முழு டேங்கையும் மூன்று தொட்டியில் இறக்கினோம்.
சொஃபிகுல் டார்ச் பிடித்தான்.
வளைத்த வெல்டிங் கம்பியை விட்டுத் துழாவி
நான் இழுத்தது
ஒரு விரல்.

நீலக் கையுறையின் சுட்டுவிரல், நுனி உப்பி,
வேரோடு கிழிந்தது.

எஸ் சைஸ்.
இந்தக் கரையில் எஸ் சைஸ் கை
என்னுடையது மட்டும்தான்.

ஃபில்டருக்கும் முன்னால் ஒரு சர்வீஸ் இருந்தது.
டீசல் அளவு காட்டும் மிதவையை மாற்றிய நாள்.
மழை வரும்போல் இருந்தது, அவசரம்.
கிழிந்த கையுறையைச் சுருட்டி எறிந்தேன்,
விரல்களை யார் எண்ணுவார்கள்?

சொஃபிகுல் நீலத்தைப் பார்த்தான்,
என் கையைப் பார்த்தான்.
"ஜாரி," என்றான். விரல்.
குற்றம் சொல்கிற குரல் அல்ல,
பொருளுக்குப் பெயர் சொல்கிற குரல்.
அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அவன் டீசலை ஊற்றி வண்டியைக் கிளப்பும்போது
நான் கண்டெய்னர் ஆபீஸுக்குள் போனேன்.
மேசைமேல் விரலை வைத்தேன்,
பக்கத்தில் நானூறு வெள்ளி.
எது என் தப்பு என்று சொன்னேன்.
ஆ செங் சிரித்தான். காசை எண்ணாமலே இழுத்துக்கொண்டான்.
"வண்டி ஓடுதுல்ல, முடிஞ்சது லா."

அது உன் காசில்லை என்றேன்.
அடுத்த மாசச் சம்பளத்தில் பார்க்கலாம் என்றான்.
இப்போ என்றேன்.

ஏர்கான் தண்ணீர் வாளியில் சொட்டியது.
வெளியே செங்கல் சரிகிற சத்தம்,
பின்னால் வருகிற பீப் பீப்.
என் கடிகாரத்தில் ஒன்பது நிமிடம்.
பத்து.
பதினொன்று.
வண்டி நிற்கவில்லை.
நானும் நகரவில்லை.
ஆ செங் இழுப்பறைச் சாவியைத்
தேடுவதுபோல் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டிருந்தான்.