ஜவ்வரிசிக் கிடங்கில் ஒன்பது பேர்

செலோவுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்ட கண்டக்டர்
"உள்ள பொணமாம்மா?" என்று கேட்டாராம்.
"இல்லைங்க, இன்னைக்குத்தான் சாகப் போகுது"
என்றாளாம் ஜெசிந்தா.

இருபது கொண்டையூசி வளைவும் இறங்கி
ஏற்காட்டுக் குளிரை உறைக்குள் சுமந்து
செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தார்கள் ஐந்து பேர்.
மூன்று வயலின், ஒரு வியோலா, அவள்.
தேவாலயக் குழு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.
நாங்கள் நால்வர், கறுப்பு பனியன், நெஞ்சில் மண்டையோடு.

யூனுஸின் மாமா கிடங்கு.
கூரை வரைக்கும் ஜவ்வரிசி மூட்டை.
சத்தம் வெளியே போகாது
காற்று உள்ளே வராது.

சுருதி சேர்க்கவே ஒரு மணி நேரம்.
கம்பியைத் தளர்த்தித் தளர்த்தி
நாங்கள் பாதாளத்தில் வைத்திருந்தோம்.
சேலத்து வெக்கையில் அவர்கள் கம்பியும்
தானாக இறங்கத் தொடங்கியது.
"இன்னும் ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்தா
நாமளே ஒண்ணு சேந்துருவோம்" என்றான் டென்சில்.
கால் சுரம் மட்டும் கடைசிவரை சேரவில்லை.
அந்த இடுக்கில் ஏதோ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.
அப்படியே விட்டுவிட்டோம்.

சௌண்டப்பன்
(அம்மாப்பேட்டை சௌண்டம்மன் பேர், ஊர் நினைப்பது வேறு)
வாரம் ஆறு நாள் விசைத்தறி ஓட்டுகிறவன்.
இரட்டை மிதியை அவன் மிதித்ததும்
மூட்டைத் தையல் வழியே மாவு உதிர்ந்தது,
டிரம் தோலில் மணிகள் எகிறின.
மூன்றாவது பாட்டுக்குள் எல்லோரும் ஒரே வெள்ளை.

உறுமுகிறவன் நான்.
மற்ற நாட்களில் ஐந்து ரோடு ஃபைனான்ஸ் ஆபீஸில் போன்.
"சார், இந்த மாசத் தவணை..."
காய்ச்சல்கார குழந்தையிடம் பேசுகிற குரல்.

"என்ன வார்த்தை அது?" என்றாள் ஜெசிந்தா.
இரண்டு வருடமாக யாரும் கேட்டதில்லை,
யூனுஸ்கூட.
தாளைக் கொடுத்தேன்.

*வண்டிய எடுத்துக்கங்க சார், வீட்டுக்கு மட்டும் வராதீங்க.*
*பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் கட்டிட்டேன், பதினஞ்சாம் தேதி தரேன்.*
*அவர் இல்லைங்க. போன மாசமே தவறிட்டாருங்க.*

"சாத்தான் எல்லாம் இல்லையா?"
"இல்லைங்க, இவ்வளவுதான்."

பென்சிலை எடுத்துச் சுரத்தாளில்
கடைசி வரிக்கு மேல் எல்லாவற்றையும் அடித்தாள்.

அந்த இடம் வந்தது.
வயலின்கள் நின்றன, கிட்டார் நின்றது.
அடியில் ஒற்றை வில், செலோ.
*போன மாசமே*
முதல் தடவையாகத் தமிழாகக் கேட்டது.
சௌண்டப்பன் உள்ளே வர மறந்தான்.
பிறகு வந்தான். வந்தான் என்றால் அப்படி,
ஒரு மூட்டை வாய் பிளந்து கொட்டியது.

கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

புதன்கிழமை ஆபீஸில் இருக்கிறேன், அவள் போன்.
செலோவுக்குள் ஒரு ஜவ்வரிசி மாட்டிக்கொண்டதாம்.
தாழ்ந்த சுரம் தொட்டால் மட்டும் கரகரக்கிறதாம்.
நேற்று அடக்கப் பூசையில்
சாமியாரே திரும்பிப் பார்த்தாராம்.

"கவுத்துப் போட்டுக் குலுக்குனா வந்துரும்."
"எதுக்கு?" என்றாள்.

இன்னொரு லைனில் நான் காத்திருக்க வைத்த யாரோ
ஹலோ, ஹலோ சார் என்று
சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.