நாற்பது

கடைசிப் பேருந்து சரிவில் இறங்கிப் போன பிறகுதான்
மேசை அசையாமல் நின்றது.
அதுவரை அசைந்துகொண்டிருந்ததே நமக்குத் தெரியாது.
லேசருக்குத் தெரியும்.

மார்புர்க். பிப்ரவரி. இரவு பதினொன்றரை.
அலுமினியத் தாள் சுற்றிய எஃகுக் கலம்,
விருந்தில் மிஞ்சியதைப் பொட்டலம் கட்டி வைத்தது போல.
உள்ளே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததைச் செய்ய
மூன்று நாள் சூடேற்ற வேண்டும், ஏழு பம்புகள் வேண்டும்.
அதன் நடுவே
விரல் நகமளவு செம்பு.

நடப்பது இவ்வளவுதான்.
கண்ணுக்குத் தெரியாத ஊதா, ஒரே ஒரு துடிப்பு.
செம்புக்குள் கிடந்த எலெக்ட்ரான் ஒன்று
வெளியே வந்து நிற்கிறது.
வெளியே என்றால்
ஓர் அணுவின் தடிமன், மிஞ்சிப்போனால் இரண்டு.
ஓடிவிடலாம். ஓடவில்லை.
உலோகத்தில் தன் பிம்பம்,
குறி மட்டும் மாறி.
அது இழுக்கிறது.
போகலாமென்றால், அந்த ஆற்றலில் வருபவருக்கு
உள்ளே அறை கிடையாது.
வாசலில் நிற்கிறது.

எவ்வளவு நேரம்?

'அ' என்று ஒரு குறிலைச் சொல்லி
வாயை மூடுவதற்குள்
அப்படிப்பட்ட நிற்றல்கள்
பத்து லட்சம் கோடி முடிந்துவிடும்.
எந்தக் கடிகாரமும் உதவாது.
வீப்கெ ஒரு கண்ணாடியைப் பின்னால் தள்ளுவாள்,
ஒரு மைக்ரானில் ஏழில் ஒரு பங்கு.
இரண்டாம் ஒளி அந்தத் தூரத்தைக் கூடுதலாக நடந்து
ஒரு ஃபெம்டோநொடி தாமதமாக வந்து சேரும்.
காலத்தை நாங்கள் அளப்பதில்லை.
ஒளியைச் சுற்றுவழியில் அனுப்புகிறோம்.

ஸ்பெயினின் கடலோரத்திலிருந்து இட்சியார்
கணக்குப் போட்டு எழுதியிருந்தாள்: முப்பத்தெட்டு.
எங்களுக்கு வந்தது பதினொன்று.
மறுநாளும் பதினொன்று.
மூன்று வாரம் பதினொன்று.
"அவள் கணக்கு தப்பு" என்றாள் வீப்கெ ஒரு நாள்.
இன்னொரு நாள், ரொட்டியைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு,
"நான்தான் தப்பு."
அதற்குப் பிறகு இட்சியாருக்குப் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

மறந்துபோன பிளாஸ்கை எடுக்க வந்தவர்
மெக்கானிக் எக்கார்ட்.
திரையைப் பார்த்தார். கலத்தைப் பார்த்தார்.
"அழுக்கு" என்றார்.
எங்கோ காற்று கசிகிறது.
செம்பின் மேல் எவனோ கால் வைத்திருக்கிறான்,
வாசலில் நிற்பவனை முட்டித் தள்ளுகிறான்.

கசிவைத் தேட ஹீலியம் வேண்டும்.
சிலிண்டர் காலி. அடுத்தது வியாழக்கிழமை.

எக்கார்ட் தன் காருக்குப் போனார்.
திரும்பி வந்தபோது கையில் ஒரு பலூன்.
வெள்ளி நிறத்தில் '7'.
மகள் ஃபென்யாவின் பிறந்தநாள் சனிக்கிழமை முடிந்திருந்தது;
பின்சீட்டில் கிடந்து
ஏழு கொஞ்சம் கூன் போட்டிருந்தது.
கழுத்தைக் கிள்ளிப் பிடித்து
ஒவ்வொரு இணைப்பின் மேலும் மெல்ல ஊதவிட்டார்.
முதலாவது: முள் தூங்கியது.
இரண்டு, மூன்று: தூக்கம்.
பின்பக்க ஜன்னலின் அடியில்
முள் துள்ளி எழுந்தது.

வீப்கெ சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.
ஹீலியம் சுவாசித்தவள் போலச் சிரித்தாள்.

செம்பு வளையமொன்றில் கீறல், நகத்துக்கும் அகப்படாதது.
மாற்றினோம். மறுபடி மூன்று நாள் சூடு.
ஞாயிறு இரவு, பேருந்துகள் ஓய்ந்தபின்,
கண்ணாடி நகர்ந்தது, நகர்ந்தது,
வளைகோடு விழ மறுத்து
நிதானமாக இறங்கியது.
நாற்பது. கூடக்குறைய ஆறு.

இட்சியாரின் பதில் ஒரே வரி:
"அதற்குள்ளே எவ்வளவு நிதானம், பார்த்தாயா?"

நிற்கும். பிறகு உள்ளே விழும்.
விழுந்தபின் அது வெறும் செம்பு.
எது நின்றது என்று
செம்பைக் கேட்டாலும் சொல்லாது.

ஐந்தேகாலுக்கு முதல் பேருந்து மேலேறியது.
வளைகோடு நடுங்கத் தொடங்கியது.
நிறுத்தினோம்.
பதிவேட்டில், கசிவைக் கண்டுபிடித்த கருவி என்ற கட்டத்தில்,
'ஏழு' என்று எழுதினேன்.
காற்றுப் போன அந்த ஏழு
கலத்தின் போல்ட்டு ஒன்றில் இன்னும் தொங்குகிறது.
அதில் எங்கள் மூவரின் முகமும் தெரியும்,
கோணலாக.