ஜெசிந்தா

வெலிங்டன் மைதானத்தில் ஐந்து மணிக்கு மேல்
வளையத்தை மஞ்சு தின்றுவிடும்.
இருக்கும் என்று நம்பி வீசுவாள்.
வலை சத்தம் போட்டால் இரண்டு.
ஸ்கோர் எழுதுகிறவன் நான்;
காதால் எழுதிய புள்ளிகள் நிறைய.

நாலடி பதினோரு அங்குலம்.
படிவத்தில் ஐந்தடி போடச் சொன்னாள், போட்டேன்.
ரயில்வே அணியில் பதினொரு வருஷம்
அந்த ஓர் அங்குலப் பொய்யோடு ஆடினாள்.
கோவையில் கேலரி கத்தும்:
'ஏய், அரை டிக்கெட்டு!'

லூதியானாவில் ஆறடிக்காரிகள் கை தூக்கினால்
விளக்கே மறையும்.
அவள் பந்து அந்த விரல்களைத் தாண்டி
கூரைப் பக்கம் போய்,
கொஞ்சம் யோசித்து,
இறங்கும்.

முழங்கால் இரண்டும் போயாயிற்று.
குன்னூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறாள்,
நாற்காலி மேல் தலையணை போட்டு.

நேற்று அருவங்காட்டுப் பொடியன்கள்
பந்தோடு வரிசையில்.
'கடைசியில ஒரு ஜெசிந்தா போட்டேன் பாரு,
மானத்துக்குப் போயி விழுந்துச்சு!'
அது ஓர் ஆளின் பெயரென்று
அவர்களுக்குத் தெரியாது.
சொல்ல வாயெடுத்தேன். முறைத்தாள்.

'அரை டிக்கெட்டா, முழுசா?'

இருப்பதிலேயே குள்ளன்
குதிகாலை உயர்த்தி,
கோபமாக,
'முழுசு' என்றான்.