மாறுவதற்கான காரணம்

போகிறேன் என்பவர்களைப்
போக விடாமல் பேசுவது என் வேலை.
ஸ்வான்ஸியில் நாலாம் மாடி. காதில் ஹெட்போன்.
கேஸும் கரண்டும் எங்களிடமே இருந்தால்
மாதம் ஆறு பவுண்டு மிச்சம் என்பதை
சிரித்த குரலில் சொல்லத் தெரியும்.

செவ்வாய் மாலை, டண்டீயிலிருந்து இஷ்பெல் ரென்னி.
பிஸ்கட் ஆலையில் இரவு ஷிப்டு.
"நாலு வருஷமாக
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி
ஹீட்டர் போடாமல் கோட்டோடு தூங்குகிறேன்.
பில் மட்டும் பங்களாவுக்கு வருகிற மாதிரி வருகிறது.
நாளைக்கே வேறு கம்பெனி."

ஆறு பவுண்டு என்று ஆரம்பிக்க வாய் வரவில்லை.
மீட்டரில் என்ன எண் என்றேன்.

மாடிப்படிக்கு அடியில்,
துடைப்பத்துக்கும் யாரோ விட்டுப்போன பனிச்சறுக்குப் பலகைக்கும் பின்னால்
இரண்டு மீட்டர்கள்.
ஒன்றின் மேல் பால்பாயின்ட் பேனாவில் அவள் கதவு எண்,
யார் எழுதியதோ.
ஐந்து இலக்கம் வாசித்தாள்.
கடைசி ஏழா ஒன்றா என்பதில் கொஞ்சம் தகராறு.

மெயின் சுவிட்சை இறக்கிப் பாருங்கள், என்றேன். வழக்கமான சோதனைதான்.

டக்.
இங்கே எனக்கே கேட்டது.

"கதவு திறந்துதான் கிடக்கிறது. என் விளக்கு எரிகிறதே."
பிறகு, குரலை இறக்கி,
"மாடியில் ரேடியோ நின்றுவிட்டது."

எனக்குக் கொடுத்த கேள்வித்தாளில்
இதற்கு அடுத்த வரி இல்லை.

மேலே ஒரு கதவு. படிகளில் செருப்பு.
"ஃபியூஸா, மிஸ் ரென்னி? என் மீன்கள்..."
பெட்ரி என்று பெயராம். ஏழு தொட்டி.
ஏதோ வெப்ப நாட்டு ஆற்று மீன்கள்,
தண்ணீர் இருபத்தாறு டிகிரிக்குக் குறையக் கூடாது.

அவள் சொன்னாள். அவருக்குப் புரிய நேரம் பிடித்தது.
"பில் இவ்வளவுதானா என்று
மீன் கடையில் பீற்றிக்கொண்டேனே" என்றார்.
"அந்தத் தைரியத்தில்தானே கடைசி மூன்று தொட்டி..."

அழைப்பு பத்தொன்பது நிமிடம்.
என் திரை சிவப்பாகிவிட்டது.
சூப்பர்வைசர் ரோட்ரி கண்ணாடிக்கு அப்பால்
கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார்.

"தண்ணீர் ஆற எவ்வளவு நேரம்?"
"மூணு மணி. நாலும் ஆகலாம்."
"அப்படியா."

சுவிட்ச் சத்தம் கேட்கவில்லை.
ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்,
அவர் மூச்சு கேட்டது, அவளுடையது கேட்கவில்லை.

"ஏழு தொட்டியும் எரியும்போது
அந்த அறை எப்படி இருக்கும், மிஸ்டர் பெட்ரி?"
"சட்டை வேண்டியிருக்காது" என்றவர்
உடனே வெட்கப்பட்டு இருமினார்.

டக்.
எங்கோ உயரத்தில் ஒருவன்
கால்பந்து ஸ்கோரைப் பாதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.
"காட்டுங்கள். காசு கொடுத்தவள் நான்."
இரண்டு ஜோடிக் காலடிகள் மேலே போயின.

போனை அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.
துடைப்பமும் மீட்டர்களும்
லேசாக ரீங்கரிக்கும் இருட்டும் நானும்.

அழைப்பை முடிக்க ஒரு காரணம் தேர்ந்தாக வேண்டும்:
விலை. சேவை. வீடு மாற்றம். இதர.
இதரவை அழுத்தினால் விளக்கம் கேட்கிறது,
ஐம்பது எழுத்துக்குள்.

மீன், என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.